இரட்டை எஞ்சின் விமானப் பயிற்சியில் எஞ்சின் செயலிழப்பைக் கையாளுதல்

இரட்டை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் செயலிழப்பு என்பது, இரு இறக்கைகளிலும் ஒவ்வோர் எஞ்சின் பொருத்தப்பட்ட விமானத்தில் அவற்றுள் ஒன்று பறக்கும்போதோ ஓடுபாதையில் ஓடும்போதோ திறன் இழந்துவிடும் நிலையாகும். இந்நிலையை அடையாளம் கண்டு, விமானத்தைக் கட்டுக்குள் வைத்து, பாதுகாப்பாகத் தரையிறக்கக் கற்பதே இரட்டை எஞ்சின் விமானி உரிமத் தகுதிக்கான பயிற்சியின் முதன்மைப் பகுதி. ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டத் தெரிந்த ஒருவர் இரட்டை எஞ்சின் விமானத்தைச் சாதாரணமாக ஓட்டச் சில மணி நேரத்திலேயே பழகிவிடுவார். பயிற்சியின் மீதி நேரம் பெரும்பாலும் ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றொன்றால் பறப்பதற்கே செலவாகிறது.

'இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும்' என்பது பொதுவான எண்ணம். பெரிய பயணிகள் விமானங்களில் இது பெரும்பாலும் உண்மை. சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களிலோ, சரியாகக் கையாளாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல எஞ்சினே விமானத்தைக் கவிழ்த்துவிடக்கூடும். அது ஏன், எப்படி என்பதையும், இந்த ஆபத்தை ஆபத்தில்லாமல் பழகுவதற்கு வகுக்கப்பட்ட முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விமானம் ஏன் திரும்புகிறது?

இரண்டு மாடு பூட்டிய வண்டியில் இடது மாடு நின்றுவிட்டு வலது மாடு மட்டும் முழு வேகத்தில் இழுத்தால் வண்டி நேராகப் போகாது, இடப்பக்கம் திரும்பும். விமானத்திலும் இதுவே நடக்கிறது. எஞ்சின்கள் விமானத்தின் நடுக்கோட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளி இறக்கைகளில் உள்ளன. இரண்டும் ஓடும்போது ஒன்றின் திருப்புத்திறனை மற்றொன்று சமன் செய்கிறது. ஒன்று நின்றதும் அந்தச் சமநிலை குலைகிறது. விசையையும் ஈர்ப்பு மையத்திலிருந்து அதன் செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததை இங்கு நினைவுகூரலாம். நல்ல எஞ்சினின் உந்துவிசை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வலுவாக விமானத்தின் மூக்கு நின்றுபோன எஞ்சினின் பக்கம் திரும்பும்.

திரும்புவதோடு விமானம் சாயவும் செய்யும். உந்து விசிறி பின்னோக்கித் தள்ளும் காற்று இறக்கையின் மீது பாய்ந்து கூடுதல் தூக்குவிசையைத் தருகிறது. எஞ்சின் நின்ற பக்கத்தில் அது இல்லாமல் போவதால் அந்த இறக்கை தாழ்கிறது. ஆகவே இடது எஞ்சின் நின்றால் விமானம் இடப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் சாயும். விமானி எதிர்ச் செயல் எதுவும் செய்யாவிட்டால், குறைந்த வேகத்தில் சில நொடிகளிலேயே அது தலைகீழாகப் புரண்டுவிடலாம்.

இதைத் தடுக்க விமானியிடம் உள்ள முதன்மைக் கருவி வால்பகுதியில் உள்ள சுக்கான். கால் மிதிகளால் அது இயக்கப்படுகிறது. இடது எஞ்சின் நின்றால் வலது மிதியை அழுத்த வேண்டும். ஆனால் சுக்கானின் வலிமை நிலையானதன்று. காற்று மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது மாறுகிறது. வேகம் பாதியானால் சுக்கானின் விசை கால் பங்காகிவிடும். நல்ல எஞ்சின் தரும் திருப்புத்திறனோ வேகம் குறைவதால் குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்கிறது. எனவே ஏதோ ஒரு வேகத்தில் சுக்கான் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

சிவப்புக் கோடும் நீலக் கோடும்

சுக்கானை முழுமையாக அழுத்தியும் விமானத்தை நேராக வைக்க முடியாமல் போகும் அந்த எல்லைக்குக் குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம் என்று பெயர். விமானிகள் இதை விஎம்சி என்பர். வேகமானியில் இது சிவப்புக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் எஞ்சினில் மிகச் சிறந்த ஏற்ற வீதத்தைத் தரும் வேகம் நீலக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். பயிற்சியில் பரவலாகப் பயன்படும் பைப்பர் செமினோல் விமானத்தில் சிவப்புக் கோடு 56 நாட், நீலக் கோடு 88 நாட். 88 நாட்டில் கிடைக்கும் சுக்கான் விசையில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் 56 நாட்டில் கிடைக்கும் என்பதை மேற்சொன்ன வர்க்க விதியால் மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

சிவப்புக் கோடு எல்லா நிலைமைக்கும் பொருந்தும் மாறாத எண் அன்று. குறிப்பிட்ட சில நிபந்தனைகளில் அளக்கப்பட்ட எண் அது. நல்ல எஞ்சின் முழுத் திறனில் ஓட வேண்டும். நின்ற எஞ்சினின் விசிறி காற்றில் தானே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். ஈர்ப்பு மையம் அனுமதிக்கப்பட்ட அளவில் மிகவும் பின்னால் இருக்க வேண்டும். சக்கரங்கள் உள்ளிழுக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல எஞ்சின் பக்கம் 5 பாகைக்கு மேற்படாமல் சாய்ந்திருக்கலாம். இவற்றில் ஒன்று மாறினாலும் உண்மையான எல்லை மாறும். சான்றாக, இறக்கைகளை மட்டமாக வைத்துப் பறந்தால், சாய்வு குறையும் ஒவ்வொரு பாகைக்கும் இவ்வெல்லை 3 நாட் அளவுக்குக்கூட உயரக்கூடும் என்பது சோதனைகளில் கண்ட முடிவு. அப்படியானால் வேகமானியில் முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருக்கும்போதே விமானம் கட்டுப்பாட்டை இழக்கலாம்.

உயரமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சாதாரணப் பிஸ்டன் எஞ்சின்கள் உயரம் கூடக்கூடத் திறன் குறைகின்றன. அதனால் திருப்புத்திறனும் குறைந்து, கட்டுப்பாட்டு எல்லை வேகமும் கீழே இறங்குகிறது. ஆனால் இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகம், வேகமானியில் காட்டும் அளவின்படி, ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. ஏதோ ஓர் உயரத்தில் இவ்விரண்டும் ஒன்றாகின்றன. ஒருபக்க உந்துவிசையோடு ஸ்டால் ஏற்பட்டால் விமானம் சுழல் வீழ்ச்சிக்குள் போய்விடும். சிறிய இரட்டை எஞ்சின் விமானங்கள் அதிலிருந்து மீளும் என்று சோதித்துச் சான்றளிக்கப்பட்டவை அல்ல. 'உயரத்தில் எல்லை வேகம் குறைகிறது, ஆகவே பாதுகாப்பு கூடுகிறது' என்று மாணவர் தவறாக முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகவே பயிற்றுநர்கள் இதை வலியுறுத்துகின்றனர்.

எந்த எஞ்சின் போனால் ஆபத்து அதிகம்?

இரு விசிறிகளும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும் விமானங்களில் இடது எஞ்சின் நெருக்கடி எஞ்சின் எனப்படும். மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கும்போது, கீழ்நோக்கி இறங்கும் விசிறி அலகு காற்றை அதிகத் தாக்குகோணத்தில் சந்திப்பதால் கூடுதல் உந்துவிசையைத் தருகிறது. வலஞ்சுழி விசிறியில் இறங்கும் அலகு வலப்பக்கம் உள்ளது. ஆகவே வலது எஞ்சினின் உந்துவிசை மையம் விமான உடலிலிருந்து மேலும் விலகுகிறது. இடது எஞ்சினின் மையமோ உடலை நெருங்குகிறது. இடது எஞ்சின் நின்றால், நீண்ட கை கொண்ட வலது எஞ்சினோடு சுக்கான் போராட வேண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்கச் சில விமானங்களில் இரு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில், உட்புறமாக இறங்குமாறு சுற்ற வைக்கப்படுகின்றன. செமினோல் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் எது நின்றாலும் விளைவு ஒன்றே. 1960களில் செஸ்னா நிறுவனம் வெளியிட்ட ஸ்கைமாஸ்டர் வேறொரு வழியைக் கையாண்டது. அதில் ஓர் எஞ்சின் முன்னாலும் மற்றொன்று பின்னாலும், இரண்டும் நடுக்கோட்டிலேயே அமைந்தன. திரும்பும் சிக்கல் நீங்கியது. ஆனால் பின் எஞ்சின் நின்றதை உணராமலேயே சில விமானிகள் ஓடுபாதையில் மேலெழ முயன்ற விபத்துகள் நேர்ந்தன. விமானம் திரும்புவது சிக்கல் மட்டுமன்று, எச்சரிக்கையும்கூட என்பதை இது உணர்த்துகிறது.

பாதித் திறன் போனால் பாதி ஏற்றம்தான் போகுமா?

இதுவே மாணவர்கள் பெரும்பாலும் தவறாக விடை சொல்லும் கேள்வி. ஓர் எளிய கணக்கால் இதை விளக்கலாம். விளக்கத்துக்காக ஒவ்வோர் எஞ்சினும் 100 அலகு திறன் தருவதாகக் கொள்வோம். மட்டமாகப் பறக்க மட்டும் 80 அலகு தேவை என்க. இரண்டும் ஓடும்போது மொத்தம் 200, தேவை 80, மீதி 120. விமானம் மேலே ஏறுவது இந்த மீதியால்தான். ஓர் எஞ்சின் நின்றால் கிடைப்பது 100. தேவை அதே 80. மீதி 20 மட்டுமே. திறன் பாதியாகக் குறைந்தது; ஏற்றமோ ஆறில் ஒரு பங்காகிவிட்டது. 80 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு.

இத்தோடு முடியவில்லை. நின்ற எஞ்சினின் விசிறி காற்றால் சுழற்றப்பட்டுக்கொண்டே இருந்தால் அது விமானத்தைப் பின்னே இழுக்கும் பெரிய தட்டுப் போலாகிறது. சக்கரங்கள் வெளியே நீட்டியிருந்தால் இழுவை மேலும் கூடும். இவை சேர்ந்து 30 அலகைத் தின்றுவிட்டால் மீதி இல்லை, 10 அலகு பற்றாக்குறை. விமானம் இறங்கத் தொடங்கிவிடும்.

உண்மை அளவுகளும் இதையே காட்டுகின்றன. தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரு எஞ்சின்களுடன் செமினோல் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 அடி ஏறும். ஓர் எஞ்சினில், எல்லாம் சரியாகச் செய்யப்பட்டால், ஏறத்தாழ 200 அடிதான். ஓர் எஞ்சினில் அதன் நடைமுறை உயர வரம்பு ஏறத்தாழ 4,000 அடி. ஏறத்தாழ 5,280 அடி உயரத்தில் அமைந்துள்ள அமெரிக்காவின் டென்வர் போன்ற இடத்தில், முழு எடையுடன் மேலெழும்போது ஓர் எஞ்சின் நின்றால் இவ்வகை விமானத்தால் ஏறவே முடியாது. வெயில் கடுமையான நாளில் காற்றின் அடர்த்தி குறைவதால், தாழ்வான இடத்திலும் இந்நிலை வரலாம்.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டே வந்துள்ளது. பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்த அமெரிக்க விதிகளின்படி, 6,000 பவுண்டுக்கு மேற்படாத எடையும் 61 நாட்டுக்கு மேற்படாத ஸ்டால் வேகமும் கொண்ட இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சினில் ஏறிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய பயணிகள் விமானங்களுக்கோ அது கட்டாயம். இரட்டை எஞ்சின் ஜெட் விமானம் மேலெழுந்து சக்கரங்களை உள்ளிழுத்தபின் ஓர் எஞ்சினில் குறைந்தது 2.4 விழுக்காட்டுச் சரிவில் ஏற வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் சிறு விமானத்தில் ஏறுவதுதான் ஆபத்தின் தொடக்கம்.

செயல்முறை வரிசை

எஞ்சின் நின்றதும் செய்ய வேண்டியவற்றை மாணவர் மனப்பாடமாகக் கற்று, கைகள் தாமாகவே இயங்கும் அளவுக்குப் பழக வேண்டும். விமானத்துக்கு விமானம் விவரங்கள் மாறினாலும் பொது வரிசை இதுவே:

1. கட்டுப்பாடு. சுக்கானால் திசையை நிறுத்துதல். மூக்கை உரிய அளவு தாழ்த்தி நீலக் கோட்டு வேகத்தைக் காத்தல். நல்ல எஞ்சின் பக்கம் 2 முதல் 3 பாகை சாய்த்தல்.

2. திறன். எரிபொருள் கலவை, விசிறி, விசை ஆகிய மூவகைப் பிடிகளையும் இரு எஞ்சின்களுக்கும் முன்னே தள்ளுதல்.

3. இழுவையைக் குறைத்தல். இறக்கை மடல்களையும் சக்கரங்களையும் உள்ளிழுத்தல்.

4. அடையாளம் காணுதல். எந்த எஞ்சின் நின்றது என்று முடிவு செய்தல்.

5. உறுதி செய்தல். நின்றதாகக் கருதும் எஞ்சினின் விசைப்பிடியை மெதுவாகப் பின்னிழுத்துப் பார்த்தல்.

6. சரிசெய்தல் அல்லது ஃபெதர் செய்தல். உயரமும் நேரமும் இருந்தால் எரிபொருள் தொட்டி, எரிபொருள் பம்பு போன்றவற்றைச் சரிபார்த்து மீண்டும் ஓட்ட முயலுதல். இல்லையேல் விசிறியின் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிடுதல்.

7. பாதுகாத்தல். நின்ற எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளையும் மின்சாரத்தையும் துண்டித்தல்.

இவ்வரிசையின் முதற்படி முதலாவதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எந்த எஞ்சின் நின்றது என்று தெரியாமலேயே விமானத்தை நேராக வைக்க முடியும். மூக்கு எப்பக்கம் போகிறதோ, அதற்கு எதிர் மிதியை அழுத்தினால் போதும். யோசிப்பதற்கு முன் பறக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

நான்காம் படிக்குப் பயிற்சியில் எளிய சூத்திரம் ஒன்று சொல்லித் தரப்படுகிறது. எந்தக் கால் வேலையில்லாமல் ஓய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் ஓய்ந்தது. இடது எஞ்சின் நின்றால் வலது கால் உழைக்கும், இடது கால் சும்மா இருக்கும். கண்முன் இத்தனை மானிகள் இருக்கக் காலை ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றலாம். காற்றால் சுழற்றப்படும் விசிறியைச் சீர்படுத்தி எஞ்சினின் சுற்றுவேகத்தை அதே அளவில் வைத்திருக்கும் கருவி ஒன்று உண்டு. அதனால் சுற்றுமானி பழைய அளவையே காட்டலாம். விசைப்பிடி முழுதும் திறந்திருப்பதால் உள்ளிழு அழுத்தமானியும் பெரிதாகக் குறையாது. உயிரற்ற எஞ்சின் உயிருள்ளது போலவே மானியில் தோன்றும். கால் உணரும் விசை அப்படி ஏமாற்றுவதில்லை.

ஐந்தாம் படி தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. விசைப்பிடியைப் பின்னிழுத்தும் ஒலியிலோ மிதியின் மேல் உள்ள அழுத்தத்திலோ மாற்றம் இல்லையென்றால் அது நின்ற எஞ்சின்தான். மாற்றம் தெரிந்தால் கை வைத்தது நல்ல எஞ்சின் மேல். உடனே முன்னே தள்ளிவிட வேண்டும்.

ஃபெதர் செய்தல்

ஃபெதர் என்பதற்கு இறகு என்று பொருள். விசிறி அலகின் விளிம்பு காற்றை நோக்கித் திரும்பிவிடுவதால், அது சுழலாமல் நின்று இழுவையை வெகுவாகக் குறைக்கிறது. பெரும்பாலான இரட்டை எஞ்சின் பிஸ்டன் விமானங்களில் எண்ணெய் அழுத்தம் அலகுகளைச் சாதாரண நிலையில் பிடித்து வைத்திருக்கும். வில்சுருளும் எதிர் எடைகளும் அவற்றை ஃபெதர் நிலைக்குத் தள்ளப் பார்க்கும். ஆகவே எண்ணெய் முழுதும் வடிந்துபோனால் விசிறி தானாகவே ஃபெதர் நிலைக்குப் போகும்படி அமைக்கப்பட்டுள்ளது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தரையில் எஞ்சினை வழக்கம்போல் நிறுத்தும்போது ஃபெதர் ஆகிவிடாமலிருக்க, சுற்றுவேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முதல் 1,000க்குக் கீழ் இறங்கியதும் சிறு பூட்டு ஊசிகள் அலகுகளைப் பிடித்துக்கொள்ளும். வானில் எஞ்சின் உள்ளே உடைந்து சுற்று வேகமாகக் குறைந்தால், அந்த எல்லைக்குள் விமானி முடிவெடுத்தாக வேண்டும். தாமதித்தால் ஃபெதர் செய்யவே முடியாது. எல்லா விமானங்களிலும் பிடிகள் ஒரே மாதிரி இல்லை. இந்தியாவில் பர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி உள்ளிட்ட பயிற்சி நிறுவனங்களில் பயன்படும் டைமண்ட் டிஏ-42 வகையில் எஞ்சினைக் கணினி நிர்வகிக்கிறது. அதில் எஞ்சினின் முதன்மை விசையை அணைத்தாலே விசிறி ஃபெதர் நிலைக்குப் போகும். வேலை எளிதாகிறது. ஆனால் எந்தப் பக்கத்து விசை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆபத்தை ஆபத்தின்றிப் பழகுதல்

பயிற்சியின் நோக்கம் உயிரைக் காப்பது. ஆனால் ஒரு காலத்தில் எஞ்சின் செயலிழப்பால் இறந்தோரோடு, எஞ்சின் செயலிழப்புப் பயிற்சியால் இறந்தோரும் இருந்தனர். தாழ்வான உயரத்தில் ஓர் எஞ்சினை உண்மையாகவே நிறுத்திப் பார்க்கும் வழக்கம் அதற்கு ஒரு காரணம். இன்றைய வரம்புகள் இத்தகைய விபத்துகளிலிருந்து கற்றவை.

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தேர்வு நெறிகளின்படி, எஞ்சினை உண்மையாகவே நிறுத்தி ஃபெதர் செய்வது தரையிலிருந்து குறைந்தது 3,000 அடி உயரத்தில், எளிதில் இறங்கக்கூடிய விமான நிலையம் அருகில் இருக்கும்போது மட்டுமே நடைபெற வேண்டும். நிறுத்திய எஞ்சின் மீண்டும் ஓட மறுத்தால் பயிற்சி அங்கேயே உண்மையாகிவிடும் அல்லவா? அதற்குக் கீழான உயரத்தில் எஞ்சின் நிறுத்தப்படுவதில்லை. விசைப்பிடியைக் குறைத்து, ஃபெதர் செய்த விசிறிக்கு நிகரான இழுவை மட்டும் இருக்கும் சுழி உந்துவிசை நிலையில் வைக்கப்படுகிறது. தேவைப்பட்டால் ஒரு நொடியில் அந்த எஞ்சினைத் திரும்பப் பெறலாம்.

ஓடுபாதையில் ஓடும்போது செய்யும் பயிற்சி, சிவப்புக் கோட்டு வேகத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் செய்யப்பட வேண்டும். மேலெழுந்தபின் செய்வதானால் 400 அடிக்குக் கீழே கூடாது. வேண்டுமென்றே எஞ்சினைக் குறைப்பதற்கெனக் குறிக்கப்பட்ட பாதுகாப்பு வேகம் ஒன்று உண்டு. செமினோலில் அது 82 நாட். அதற்குக் கீழ்ப்பட்ட வேகத்திலும் கூடாது.

கட்டுப்பாட்டு எல்லையைக் காட்டும் பயிற்சி போதிய உயரத்தில் தனியாக நடைபெறுகிறது. ஓர் எஞ்சின் குறைக்கப்பட்டு, மற்றொன்று முழுத் திறனில் ஓட, மாணவர் வேகத்தை நொடிக்கு ஒரு நாட் வீதம் மெதுவாகக் குறைத்துக்கொண்டே வருவார். மூக்கு நிற்காமல் திரும்பத் தொடங்கினாலோ, ஸ்டால் எச்சரிக்கை வந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே மீள வேண்டும். மீளும் வழி மனித இயல்புக்கு எதிரானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரே எஞ்சினின் திறனைக் குறைக்க வேண்டும். அதே நேரத்தில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். திருப்புவது அந்த எஞ்சின்தான் என்பதால் காரணத்தையே அகற்றுகிறோம். மூக்கைத் தாழ்த்துவதால் வேகம் கூடிச் சுக்கானுக்கு வலிமை திரும்புகிறது. தரை அருகே இருக்கும்போது மூக்கை உயர்த்தி எஞ்சினை முழுதாகத் தள்ளவே மனம் துடிக்கும். அந்தத் துடிப்பை உயரத்திலேயே பழகி வெல்வதுதான் இப்பயிற்சியின் பயன்.

பயிற்றுநரின் பொறுப்பும் சிறிதன்று. மாணவர் பதற்றத்தில் தவறான மிதியை அழுத்தினால் நல்ல எஞ்சினும் சுக்கானும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். அதனால் அனுபவமுள்ள பயிற்றுநர் எஞ்சினைக் குறைக்கும் முன்னரே தவறான மிதியைத் தம் காலால் தடுத்து வைத்திருப்பார். பயிற்சிக்குரிய நிலைமையா, உண்மையான கோளாறா என்பதும், விமானம் இப்போது யார் கையில் என்பதும் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்.

மேலெழும் முன் எடுக்க வேண்டிய முடிவு

மேலெழும் நேரமே மிக நெருக்கடியானது. வேகம் குறைவு, உயரம் இல்லை, எஞ்சின் முழுத் திறனில் ஓடுகிறது. யோசிக்க அங்கே நேரம் கிடைக்காது. ஆகவே ஓடுபாதையில் நுழையும் முன்பே விமானி மூன்று நிலைமைகளையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார். தரையை விட்டு எழும் முன் எஞ்சின் நின்றால் இரு விசைப்பிடிகளையும் மூடி ஓடுபாதையிலேயே நிறுத்துவது. எழுந்த பின், சக்கரங்கள் இன்னும் வெளியே இருந்து, முன்னே ஓடுபாதை மிச்சம் இருந்தால் திரும்ப இறங்கிவிடுவது. சக்கரங்களை உள்ளிழுத்த பின் என்றால் நீலக் கோட்டு வேகத்தில் ஏறித் திரும்பி வருவது.

மூன்றாவதில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது. அன்றைய எடையிலும் வெப்பத்திலும் விமானம் ஏறும் என்று முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும். ஏறாது என்றால் செய்ய வேண்டியது ஒன்றே: நல்ல எஞ்சினையும் குறைத்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, நேர் எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்குவது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைத் தாமே மூடுவது எளிதன்று. ஆனால் கட்டுப்பாட்டோடு வயலில் இறங்கிய விமானத்திலிருந்து மனிதர்கள் நடந்து வெளியேற வாய்ப்புண்டு. கவிழ்ந்து விழுந்த விமானத்தில் அது மிக அரிது. ஒற்றை எஞ்சின் விமானிக்கு இந்த முடிவில் தயக்கம் வராது, வேறு வழி அவருக்கு இல்லை. இரண்டாவது எஞ்சின் வழி ஒன்றைத் தருகிறது. அந்த வழி திறந்திருக்கிறதா என்று அறியும் பொறுப்பையும் சேர்த்தே தருகிறது.

ஓர் எஞ்சினில் தரையிறங்குவதும் தனிப் பாடம். இறங்குவது உறுதியாகும் வரை சக்கரங்களையும் மடல்களையும் முழுதாக நீட்டுவதில்லை. ஓர் உயரத்துக்குக் கீழே வந்தபின் மீண்டும் ஏறிச் சுற்றி வருவது இயலாது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடைசியில் விசைப்பிடியைக் குறைக்கும்போது, அதுவரை தேவைப்பட்ட சுக்கான் திடீரெனத் தேவையற்றுப் போய் விமானம் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும்.

வரலாறு தரும் பாடங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள மெக்டில் தளத்தில் மார்ட்டின் பி-26 மராடர் குண்டுவீச்சு விமானத்தில் பயிற்சி தரப்பட்டது. சிறிய இறக்கைகளும் அதிக வேகமும் கொண்ட அவ்விமானத்தை ஓட்டப் புதிய விமானிகள் திணறினர். டாம்பா விரிகுடாவில் நாளைக்கொரு விமானம் விழுகிறது என்ற பேச்சு மிகையாகவே பரவும் அளவுக்கு விபத்துகள் நடந்தன. தயாரிப்பையே நிறுத்திவிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. ஜிம்மி டூலிட்டில் அவ்விமானத்தை ஓர் எஞ்சினில் பறக்கவிட்டுக் காட்டி, குறை பெரிதும் பயிற்சியில்தான் என்று உணர்த்தினார். விமானத்தின் இறக்கையும் பின்னர் 65 அடியிலிருந்து 71 அடியாக நீட்டப்பட்டது. பயிற்சியும் அமைப்பும் திருந்தியபின், ஐரோப்பியப் போர்க்களத்தில் இழப்பு வீதம் மிகக் குறைந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

தவறான எஞ்சினை நிறுத்துவது அனுபவசாலிகளுக்கும் நேரும் பிழை. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானத்தின் இடது எஞ்சினில் விசிறி அலகு ஒன்று உடைந்தது. விமானிகள் வலது எஞ்சினை நிறுத்தினர். வலதைக் குறைத்தபோது இடது எஞ்சினின் அதிர்வும் தற்செயலாகக் குறைந்ததால், தாங்கள் செய்தது சரியென்றே அவர்கள் நம்பினர். ஓடுபாதையை நெருங்கியபோது பழுதான இடது எஞ்சினும் நின்றது. 126 பேரில் 47 பேர் இறந்தனர்.

2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபே சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து எழுந்த டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 விமானத்தில், தானியங்கிக் கருவியின் கோளாறால் வலது எஞ்சினின் விசிறி ஃபெதர் நிலைக்குப் போனது. விமானி இடது எஞ்சினின் விசைப்பிடியைக் குறைத்து, பின்னர் அதை நிறுத்தினார். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் விமானம் ஜீலோங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தனர். ஒரே எஞ்சினில் ஏறக்கூடிய விமானம் அது. மேலே சொன்ன ஐந்தாம் படியை நிதானமாகச் செய்யச் சில நொடிகள் போதும்.

பெரிய விமானங்களின் விமானிகள் இன்று இப்பயிற்சியைப் பாவனைப் பறப்பியில் செய்கின்றனர். மேலெழும் முடிவு வேகத்தைக் கடந்த நொடியிலேயே எஞ்சின் நிற்பதை அங்கு அச்சமின்றிப் பழகலாம். தவறினால் திரையில்தான் விமானம் விழும். மாணவர் மறுபடி தொடங்கலாம். சிறு விமானங்களில் பயில்வோருக்கும் இவ்வசதி பரவி வருகிறது. ஆயினும் மிதியின் மேல் காலின் பாரத்தையும், மூக்கு திரும்பும் வேகத்தையும் உடல் அறிவது உண்மையான வானில்தான். ஆகவே உயர வரம்புகளும் வேக வரம்புகளும் காக்கப்பட்டு, அந்தப் பயிற்சி இன்றும் தொடர்கிறது.